ஏசுதாசின் ஒன்றரை வருடம்

ஏசுதாசுக்கு வருகிற ஜூன் ஒன்றாம் தேதி ஐம்பத்தைந்து முடிகிறது என்று ஆதார் அட்டை சொன்னது. பதினாறு வருடம் அவனோடு குடும்பம் நடத்திய ஹெலன் அந்தத் தேதியைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவன் ஊரில் அவன் வயசு ஆண்கள் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குச் சேர்க்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார் அன்றைய தேதியையே போட்டு, வருடத்தை மட்டும் ஐந்து குறைத்து எழுதிவிட்டார். அந்த நாளில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு கேக் படம் அனுப்பிக்கொள்வதைப் பார்த்தால், ஊரே ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தேதி தன் வயிற்றில் வந்து கை வைக்கும் என்று ஹெலனுக்குத் தெரிந்தது மார்ச் மாதம், செங்கல்பட்டில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில். ஆலோசகராக இருந்த கீர்த்தனா என்கிற பெண் இருவரையும் உட்கார வைத்து ஃபைலைத் திறந்தாள்.

"டாக்டர் சொன்னதச் சொல்றேங்க்கா. கர்ப்பப்பைல சின்னதா ஒரு சதை வளந்திருக்கு. அத எடுத்துட்டு மூணு மாசம் ஆறணும். அப்புறம்தான் கருவ உள்ள வைக்க முடியும்."

"ஆறட்டும்மா. பதினாறு வருசம் காத்துகினு இருந்துட்டம், மூணு மாசம் இன்னா பெருசு" என்றாள் ஹெலன்.

"அதுலதான் சிக்கல். சாருக்கு ஜூன் ஒண்ணோட அம்பத்தஞ்சு ஆகுது. பொம்பளைக்கு அம்பதுக்குள்ள, ஆம்பளைக்கு அம்பத்தஞ்சுக்குள்ள இருந்தாத்தான் இந்த சிகிச்சை குடுக்கலாம்னு சட்டம். அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் நாங்க செய்யக் கூடாது."

"கருதான் ரெண்டு அந்தக் குளுருப் பொட்டியில ரெடியா கீதே. அதுக்கு இன்னா வயசும்மா ஆயிடப் போவுது?"

கீர்த்தனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அதுங்க பத்திரமா இருக்கும். வயசு அப்பா அம்மாவுக்குத்தான்க்கா. பொறக்கற பிள்ளைக்கு இருபது வயசாகும்போது அதப் படிக்க வைக்க, பாத்துக்க ஆள் இருக்கணும் இல்லியா. பிள்ளைய நெனச்சுப் போட்ட சட்டம்" என்றாள்.

அதைக் கேட்டுவிட்டு ஏசுதாஸ் எழுந்து போய்க் காரை எடுத்தான். பொத்தேரி வரும்வரை கண்ணாடியைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கார் அது. பின் சீட்டில் யாரோ விட்டுப்போன அடையாள அட்டை கிடந்தது. ஹெலன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த பையனின் பிறந்த தேதியைத் தேடினாள். அதில் தேதி போட்டிருக்கவில்லை.

சோகம் என்று கடையை மூட முடியாது. பொத்தேரியில் விடுதிகள் நிறைந்த தெருவில் ஹெலனுடைய நாஸ்தா கடை. காலையில் இட்லி, மாலையில் பொடி தோசை, முட்டை தோசை. ஊர் ஊராக வந்து படிக்கிற பிள்ளைகள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "அக்கா, எனக்கு ரெண்டு முறுகலா" என்று ஆளுக்கொரு பாஷையில் கேட்கும். யாருக்கு முட்டை ஆகாது, யாருக்குக் காரம் ஆகாது என்று ஹெலனுக்கு அத்துப்படி. அந்த வாரம் மட்டும் முட்டை ஆகாதவனுக்கு முட்டை தோசை போட்டுக் கொடுத்துவிட்டாள். அவனும் பாவம், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அதைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாத்தனாரைப் பார்க்க பஸ் ஏறினாள். ஏசுதாசுக்கு ஒரே அக்கா மேரி. அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டரில் அவர்கள் ஊர். ஹெலன் போனபோது மேரி வேப்ப மரத்து நிழலில் கடலைச் செடியைக் கும்பலாகப் போட்டுக்கொண்டு காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்பு கூலிக்கு ஆய்ந்தவள், இப்போது குத்தகைக்கு எடுத்த நிலத்தில் தன் கடலையையே ஆய்கிறாள். அதில் அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஹெலனும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. கை மட்டும் காயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தது.

மேரி கடைசிவரை கேட்டாள். பிறகு கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

"அவனுக்கு ஏதுடி அம்பத்தஞ்சி? எனுக்கே இப்பதான் அறுவது. நான் அவனவிட ஏழு வயசு மூத்தவ. அவன் பொறந்தப்போ சுடுதண்ணி தூக்கினு போயி குடுத்ததே நான்தான்."

"ஆதார்ல அப்பிடித்தான கீது அண்ணி."

"ஆதாரு இன்னாத்தக் கண்டுச்சி. அது பள்ளிக்கூடத்துச் சீட்டப் பாத்துப் போட்டது." மேரி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தாள். "உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. எல்லாம் நான் பண்ண வேல."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"எங்கம்மா அன்னிக்கு களை எடுக்கப் போவணும். இவன இடுப்புல வெச்சிகினு போனா எவன் கூலி குடுப்பான். என்னப் படிப்ப வுட்டு நிறுத்தலாம்னா எனுக்குப் படிப்புன்னா உசுரு. செரி, இவனையும் பள்ளிக்கூடத்துல தள்ளிட்டா மத்தியானம் சோறாவது கெடைக்கும்னு ரெண்டு பேரையும் இட்டுகினு போனா. வாத்தியாரு இவன நிக்க வெச்சி, வலது கையத் தல மேல போட்டு எடது காதத் தொடுடான்னாரு. தொட்டா அஞ்சி வயசு. தொடலன்னா அடுத்த வருசம் வா. இவனுக்கு மூன்ற வயசு. கை உச்சி மண்டையோட நின்னுக்கிச்சி. நான் பின்னால நின்னுகினு இருந்தன். வாத்தியாரு மூக்குப்பொடி டப்பியத் தேடித் திரும்பினாரு. நான் இவன் தலய ஒரு அமுக்கு அமுக்கிச் சாச்சன். தொட்டுட்டான்."

ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத கண் அழுதபடியே இருக்க, உடம்பு மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதடி. எனுக்குப் பயமா கீது. பொய் சொல்லிச் சேத்ததுக்கு இப்ப வந்து உள்ள தூக்கி வெச்சிடுவாங்களா?"

"அம்பது வருசத்துக்கு முந்தி தலய அமுக்குனதுக்கு எந்த ஸ்டேசன்ல கேசு போடுவான் அண்ணி. இதெல்லாம் வாயால சொன்னா எவன் நம்புவான், காயிதம் வேணுமே."

"காயிதத்துக்கு இன்னா. கோயில் புக்குல கீது. என் கண்ணாலத்தப்போ ஃபாதரு அதப் பாத்துத்தான் என் வயசச் சொன்னாரு. இவனுக்கும் ஞானஸ்நானம் குடுத்தப்போ எழுதினு இருப்பாங்க."

கடலையை அப்படியே சாக்குப் போட்டு மூடிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். கோயில் அலுவலகத்தில் உபதேசியார் பீரோவைத் திறந்து, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பழுப்பேறிய தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ஏசுதாஸ், பிறந்தது நவம்பர் 22, 1970. ஞானஸ்நானம் டிசம்பர் 6, 1970. பள்ளிக்கூடத்துச் சீட்டில் இருந்தது 1969 ஜூன் ஒன்று. ஹெலன் விரல் விட்டு எண்ணினாள். ஒன்றரை வருடத்துக்கு ஒன்பது நாள் குறைவு.

அன்று மாலை ஏசுதாஸ் வீட்டுக்குள் நுழைந்ததும், உபதேசியாரிடம் வாங்கி வந்த நகல் சான்றிதழை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இந்தச் சீட்டு நம்ம கல்யாணத்தப்பவே உங்கையில இருந்துச்சாமே. வாங்கினு போனதே நீதான்னாரு உபதேசியாரு."

"மடிச்சிக் குடுத்தாங்க, மடிச்சமேனிக்கு உங்க ஃபாதராண்ட குடுத்தன். கண்ணாலத்தன்னிக்கு எவன்மே காயிதத்தப் படிச்சினு இருப்பான்" என்றான். வாங்கிப் பார்த்தான். அவள் எதிர்பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் வரவில்லை. சீட்டை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஹெலனுக்கு அந்தச் சின்ன அறுவை முடிந்து உடம்பு தேறிவந்தது. கோட்டாட்சியர் ஆபீசில் மனுக் கொடுத்தால் பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்துகொள்ளலாம், அதை வைத்து ஆதாரைத் திருத்தலாம் என்று கீர்த்தனா விசாரித்துச் சொல்லியிருந்தாள். மனுவில் அவன் கையெழுத்து வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று நழுவிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு ஹெலனுக்கு வாய் வலித்தது.

ஒரு சனிக்கிழமை மாமல்லபுரத்துக்கு சவாரி கிடைத்தது. ஹெலன் கடைக்கு லீவு விட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வந்தவர்களை இறக்கிவிட்ட பிறகு இருவரும் கடற்கரையில் ஒரு படகின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். சித்திரை வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, மதியம் தாண்டியதும் கடல் காற்று திரும்பியது. கடையிலிருந்து வறுத்த சங்கரா மீன் இரண்டு வாங்கி வந்தான். ஹெலன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே நேராகக் கேட்டாள்.

"உனுக்குப் புள்ள வேணாமா?"

"வேணாம்னு யாரு சொன்னா."

"பின்ன கையெழுத்துப் போட இன்னா பேஜாரு?"

ஏசுதாஸ் கடலைப் பார்த்தான். "அந்தப் பொண்ணு சொன்னது காதுலயே நிக்கிது ஹெலனு. புள்ளைக்கு இருவது ஆவும்போது எனுக்கு எழுவத்தஞ்சி."

"எழுவத்தி நாலு."

"ஆங், எழுவத்தி நாலு. எங்கப்பன் கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சி போனப்போ எனுக்கு ஒம்போது வயசு. பரீச்ச அட்டையில அப்பாகிட்ட கையெழுத்து வாங்கினு வாங்கடான்னு வாத்தியாரு சொல்லுவாரு. எல்லாப் பசங்களும் வூட்டுக்கு ஓடுவானுங்க. நான் மரத்தாண்ட போயி நின்னுக்குவன். எட்டாவதோட படிப்பும் போச்சி. சட்டம் போட்டவன் அதத் தெரிஞ்சவனாட்டம் போட்டுகிறான். அந்தக் கஷ்டத்த எம்புள்ளைக்கு நானே குடுக்கவா?"

ஹெலனுக்கு இது தெரியாது. அப்பா சிறு வயதில் இறந்தார் என்று தெரியும், மரத்தடி தெரியாது. ஆனாலும் விட்டுவிடுகிற ஜாதி இல்லை அவள்.

"உங்கப்பா சாவும்போது அவருக்கு இன்னா வயசு?"

"முப்பத்தாறு இருக்கும்."

"முப்பத்தாறு. இன்னிக்கு இருக்கற சட்டத்துல அவரு போயி கேட்டிருந்தா ஜோரா பெத்துக்கோன்னுதான சொல்லியிருப்பாங்க? இருந்தும் போயிட்டாரு. நான் சட்டத்தத் தப்பு சொல்லல. எழுவது வயசுல புள்ள கேக்கறவனும் வருவான், அவனுக்கு ஒரு கோடு வேணும். போட்டாங்க. நீ கோட்டுக்கு இந்தாண்ட நிக்கற ஆளு. நிக்கற எடத்துல நிக்காம, நீயே அந்தாண்ட போயி குந்திகினு நான் கெழவன், நான் கெழவன்றியே."

அவன் மீன் முள் ஒன்றைக் கையில் எடுத்தான்.

"நான் கீறன். எனுக்கு நாப்பத்தி மூணு. அண்ணி கீறாங்க. அவங்க பொண்ணு சிநேகா நர்சு வேலையில கீறா. மரத்தாண்ட நிக்க வுட்டுடுவமா?"

ஏசுதாஸ் வெகுநேரம் மீன் முள்ளை மணலில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தக் காயிதம் எங்க கீது?" என்றான்.

"பையிலதான் கீது. பேனாவும் கீது."

மீன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் முதுகையே மேசையாக வைத்துக் கையெழுத்துப் போட்டான். ஹெலனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. நெளிந்ததில் கையெழுத்து கோணிவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினான். அவன் பழையபடி திட்டுகிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்னொரு மீன் வாங்கிக் கொடுக்கச் சொன்னாள்.

அரசாங்கக் காகிதம் அரசாங்க நடையில்தான் நடக்கும். பதிவேட்டில் பிறப்பு இல்லை என்று ஒரு சான்று, கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, தாசில்தார் அறிக்கை என்று மே போய் ஜூன் வந்தது. ஒன்றாம் தேதி குழுவில் வழக்கம்போல் கேக் படங்கள் வந்தன. ஏசுதாஸ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியைக் கழுவினான். மருத்துவமனைக் கதவு அன்றோடு மூடிக்கொண்டது. ஹெலனுக்கு அன்று மாவு புளிக்காமல் இட்லி கல்லாக வந்தது.

ஜூலை கடைசியில் மதுராந்தகம் கோட்டாட்சியர் ஆபீசிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேரி வெளுத்த புடவை கட்டி, கையில் ஜெபமாலையோடு வந்தாள். வழியெல்லாம், "உண்மையச் சொல்லணுமா, கொஞ்சம் மாத்திச் சொல்லலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "ஏற்கெனவே மாத்துனதுதான அண்ணி இவ்ளோ தூரம் இழுத்துகினு வந்துது" என்றாள் ஹெலன்.

கோட்டாட்சியர் இளம் வயதுப் பெண். ஞானஸ்நானச் சான்றைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கதான் அக்காவா? பள்ளிக்கூடத்துல வேற தேதி எப்படி வந்துச்சு?"

மேரி ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் ஏசுதாஸ் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "கையத் தூக்குடா" என்றாள். ஐம்பத்து மூன்று வயசு ஆள், ஆபீஸ் நடுவில், வலது கையைத் தூக்கி வழுக்கைத் தலைமேல் போட்டான். "மேடம், இது வெறும் இம்மாந்தூரம்தான் வந்துச்சி. வாத்தியாரு அந்தாண்ட திரும்புனாரு. நான் இப்பிடி ஒரு அமுக்கு" என்று தம்பியின் தலையைப் பிடித்துச் சாய்த்தாள். பழைய வேகம் அவள் கையில் அப்படியே இருந்திருக்கும்போல. ஏசுதாஸ் "யக்கா, கழுத்து" என்று அலறினான்.

கோட்டாட்சியர் ஃபைலை முகத்துக்கு மறைத்துக்கொண்டு சிரித்தார். எழுத்தர் எழுதுவதை விட்டுவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கோட்டாட்சியர் கேட்ட கேள்வியில் விளையாட்டு இல்லை.

"இத்தன வருஷம் விட்டுட்டு இப்ப எதுக்கு மாத்தணும்?"

ஹெலன் சொல்ல வாயெடுத்தாள். ஏசுதாஸ் அவளைத் தடுத்துவிட்டு எழுந்தான்.

"கொழந்தைக்கு வைத்தியம் பாத்துகினு கீறம் மேடம். அம்பத்தஞ்சி ஆனா பாக்கக் கூடாதுன்னு சட்டம். அது செரிதான். எங்கப்பன் எனுக்கு ஒம்போது வயசுல செத்துட்டாரு, அப்பன் இல்லன்னா இன்னான்னு எனுக்குத் தெரியும். அதனால சட்டத்துல சலுகை கேக்க வரல. ஒரு நாள் கூடப் போட்டுக் குடுங்கன்னு கேக்கல. எனுக்கு உண்டான வருசத்த எனுக்குக் குடுத்துடுங்க, போதும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி ஹெலன் கேட்டதில்லை. பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்தது. கோட்டாட்சியர் ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார். மேரியிடம், "இப்ப சொன்னத அப்படியே வாக்குமூலமா எழுதித் தாங்கம்மா. தலைய அமுக்குனதையும் எழுதுங்க" என்றார்.

ஆகஸ்டில் உத்தரவு வந்தது. செப்டம்பரில் ஆதார் மாறியது. கீர்த்தனா புதிய நகலை ஃபைலில் வைத்துவிட்டு எழுந்து வந்து ஹெலனைக் கட்டிக்கொண்டாள். அக்டோபர் முதல் வாரத்தில் கருவை வைத்தார்கள். பதினான்கு நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்து, நின்றிருக்கிறது என்று சொன்னபோது ஏசுதாஸ் சிறுசேரியில் இருந்தான். போனில் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு கம்ப்யூட்டர்க்காரர்களையும் இறக்கி ஆளுக்கொரு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான். என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கு, "குடிங்க சார், சும்மாதான்" என்றான்.

அதன்பிறகு அவன் செய்த அலம்பல் கொஞ்சமில்லை. டீயில் சர்க்கரையை விட்டான். விடியற்காலையில் நடக்கப் போனான். சிநேகாவை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, "எங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நீதான் பாத்துக்கணும்" என்று வாக்கு வாங்கினான். அவள், "மாமா, மொதல்ல கறிய எடுத்து வைங்க" என்றாள். கடைக்கு வருகிற பிள்ளைகள் ஹெலனை நிற்கவிடவில்லை. ஆந்திராப் பையன் ஒருவன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தோசை வார்த்தான். எல்லாம் ஆந்திர வரைபடமாக வந்தது, காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள்.

மறு வருடம் ஜூன் பத்தொன்பது காலை எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு, வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து ஹெலன் வார்டுக்கு வந்தபோது, ஏசுதாஸ் இடது கையைப் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். தோள்பட்டையில் அடிபட்டவன் மாதிரி இருந்தது.

"கையில இன்னாயா?"

விரித்துக் காட்டினான். உள்ளங்கை நிறைய நீலப் பேனாவில் தேதி, மணி, நிமிடம், கிழமை.

"சிஸ்டரு வெளிய வந்து சொன்னாங்க. உடனே எழுதிகினன்."

"அவங்கதான் ரிஜிஸ்டர்ல எழுதிட்டாங்களே."

"ரிஜிஸ்டரு அவங்களுக்கு. இது எனுக்கு. ஆபீசுல போயி பதிஞ்சி, சர்ட்டிபிகேட்டு கைக்கு வர்ற வரிக்கும் இந்தக் கை தண்ணி படாது."

ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. சிரிக்க முடியாமல், வலியில் முகத்தைச் சுளிக்கவும் முடியாமல் படுக்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் சிஸ்டர் சம்பூர்ணம் துணியில் சுற்றிய குழந்தையோடு உள்ளே வந்தாள். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டே மறு கையால் சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் மருந்தைக் காட்டினாள்.

"அப்பா, கைய சுத்தம் பண்ணிகினு வாங்க."

ஏசுதாஸ் வலது கையை மட்டும் நீட்டினான்.

"ரெண்டு கையும் சார். பச்சக் கொழந்த."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். துணிக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம், தூக்கத்தில் எதையோ சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். மறுபடி உள்ளங்கையைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போய் இரண்டு கையையும் நீட்டி, மருந்தை நிறைய அமுக்கி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நீலம் கலைந்து வழிந்தது. தேதியும் போயிற்று, மணியும் போயிற்று. கையை உதறிக் காயவிட்டு, ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

சிஸ்டர் குழந்தையை வைத்தாள்.

"இன்னாமே, இவ்ளோ லேசா கீறா" என்றான் ஏசுதாஸ்.